மொட்டைக் காரின் சத்தம்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க வேண்டாம். அட்டன் டவுனில் கார் விற்கும் கடையில் வேலை பார்த்தேன், லைசென்சும் வைத்திருந்தேன், ஆனால் மலை ரோட்டில் காரை எடுக்க வேண்டும் என்றாலே முதல் நாள் இரவு சோறு இறங்காது. மூடிய கார் என்றால் ஒருவழியாகச் சமாளித்துவிடுவேன். கூரை இல்லாத அந்த இரண்டு சீட்டுக் கார்தான் என் உயிரை எடுத்தது. உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்து இழுபட்டுப் போவது மாதிரி இருக்கும். முழங்கையைக் கொஞ்சம் வெளியே நீட்டினால் பள்ளம். எங்கள் பக்கத்துப் பள்ளம் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தோட்டத்து ஆட்கள் அதற்கு வைத்த பேர் மொட்டைக் கார். தோட்டத்தை நடத்துகிற துரைமார் அதற்கு என்னென்னவோ செல்லப் பேர் சொல்வார்கள். எங்கள் ஆட்களுக்குத் தலையில் ஒன்றும் இல்லாத கார், அவ்வளவுதான்.

நான் கடையில் சேர்ந்த புதிதில், ஐம்பதுகளின் தொடக்கத்தில், அந்த ரகக் கார் கப்பலில் வந்து இறங்குமுன்பே விலை போய்விடும். சீமையிலிருந்து புதிதாக வந்த சின்ன துரைமார்தான் வாங்குவார்கள். கல்யாணம் ஆகாத பையன்கள், கையில் காசு, காலில் அவசரம். நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் நடக்கும் நாளில் நாலைந்து மொட்டைக் கார் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்க டவுனே ரோட்டுக்கு வந்து நிற்கும். பிறகு அந்தப் பையன்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. துரைசானிக்குக் காற்றில் தலைமுடி கலைந்தது. பிள்ளை பிறந்தது, பிள்ளையை வைக்க இடம் இல்லை. மழை நாளில் அந்தக் கித்தான் கூரையை இழுத்து மாட்டுவதற்குள் இரண்டு பேரும் தெப்பமாக நனைந்திருப்பார்கள். எங்கள் ஊரில் மழை இல்லாத நாள் எது? ஒவ்வொருவராக வந்து, நாலு கதவு உள்ள காருக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு துரைமாரே ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்ப ஆரம்பித்தார்கள். வெளிநாட்டுக் கார் கொண்டுவர அரசாங்கமும் கெடுபிடி வைத்தது. கடைசியாக வந்த புதுக் கார் எங்கள் கண்ணாடிக்குள் தூசி படிந்து நின்று, விற்காமல் கொழும்புக்கே திரும்பிப் போயிற்று.

வாங்குகிறவர்கள்தான் குறைந்தார்களே தவிர, பார்க்கிறவர்கள் குறையவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வருகிற சனம், சாமான் வாங்கி முடித்ததும் எங்கள் கடைக்கு முன்னால் வந்து நிற்கும். பஸ் டிரைவர்மார் டீ குடிக்கிற நேரத்தில் வந்து, சும்மா ஒரு தடவை ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்கிறேன் என்பார்கள். கோட்டுப் போட்ட வக்கீல் ஒருத்தர் வாரா வாரம் வந்து என்ஜினை மூடியிருக்கிற பானட்டைத் தடவிவிட்டு, "அடுத்த மாசம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவருடைய அடுத்த மாசம் வரவே இல்லை.

"இதுக்கு ஆசைப்படாத மனுசன் இல்ல மகன்," என்று எங்கள் முதலாளி சொல்வார். அவர் கண்டிப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம், தகப்பன் காலத்திலிருந்து மலைநாட்டில் வியாபாரம். என்னை மகன் என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் தம்பி என்பார். "ஆனா ஆசைப்பட்டவன் ஒருத்தனும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான்."

அந்தச் சமயத்தில்தான் டிக்கோயாவுக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்து வெள்ளைக்காரப் பெரிய துரை, வேலையை விட்டுச் சீமைக்குக் கிளம்பினார். தன் மொட்டைக் காரை எங்கள் கடையில் நிறுத்தி, விற்றுப் பணத்தை அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். கரும்பச்சை நிறம். சீட்டுத் தோல் வெடித்திருந்தது. கித்தான் கூரையில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. சத்தம் மட்டும் புதுசு மாதிரியே இருந்தது. ஏற்றத்தில் உறுமும், இறக்கத்தில் காலை எடுத்தால் படபடவென்று வெடிக்கும். ஒரு மலையில் ஓடினால் அடுத்த மலையில் இருக்கிறவனுக்குக் கேட்கும்.

அந்தத் தோட்டத்தில்தான் என் மனைவி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தான், பால் குடிக்கிற பிள்ளை. நான் கடையில் ஒரு மூலையில் படுத்துக்கொள்வேன். அவள் தாய் தகப்பனோடு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அதுவும் பயந்து பயந்துதான். தோட்டத்து ஆட்களைப் பதிகிற செக்ரோலில் பேர் இல்லாதவன் லயத்தில் தங்கக்கூடாது என்று சட்டம். யாராவது போய்ச் சொல்லிவிட்டால் என்னோடு சேர்த்து அவர்களையும் வெளியே தள்ளலாம். எனக்குத் தோட்டத்திலும் பேர் இல்லை, நாட்டிலும் பேர் இல்லை. பிரஜாவுரிமைக்குப் போட்ட மனு தள்ளுபடியாகியிருந்தது. இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அப்போது டவுனில் பேசாத வாய் இல்லை. இந்தியாவில் எனக்கு யாரைத் தெரியும்? இந்தக் கடை வேலை ஒன்றுதான் நான் நின்றுகொண்டிருந்த இடம்.

அந்த இடமும் ஆட ஆரம்பித்தது. ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி," என்றார். மகன் என்று சொல்லவில்லை. "கார் யாவாரம் முடிஞ்சு போச்சு. இனி டயரும் பார்ட்ஸும்தான். அதுக்கு எனக்கு ஒரு ஆள் போதும். ஒண்ணு நீ, இல்லாட்டி என் மச்சானுட மகன். வீட்டுல அவனுக்குத்தான் சொல்றாங்க."

அவர் அந்தக் காரின் சாவியை என் பக்கம் தள்ளினார். 

"அந்த மொட்டைக் கார வித்துக் காட்டு. அப்ப வீட்டுல சொல்ல எனக்கு ஒரு வாய் இருக்கும். கடைக்குப் பின்னால இருக்கிற அறையையும் உனக்குத் தந்துருவேன். பொண்டாட்டி புள்ளயக் கூட்டிட்டு வந்துரு. தீபாவளி வரைக்கும் பாப்போம்."

எது கிடைத்தால் நாங்கள் மூன்று பேரும் ஒரு கூரைக்குள் இருப்போமோ, அது அந்தக் கூரை இல்லாத காரை விற்பதில் வந்து நின்றது. நான் பயந்தேன் என்றால் சாதாரணப் பயம் இல்லை. பஸ் டிரைவர்மார் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்கும்போது ஓங்கி ஓர் அறை விடலாமா என்று வரும். வக்கீல் பானட்டைத் தடவும்போது அவர் கோட்டைப் பிடித்து உலுக்கி, வாங்குவீரா மாட்டீரா என்று கேட்கத் தோன்றும். கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காம்பராவுக்கு முன்னால் இருந்த இஸ்தோப்புத் திண்ணையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைவிட நூறு மடங்கு தைரியசாலி.

"அந்தக் கார எங்க புதுத் தொரைக்கே வித்துருங்களேன்," என்றாள்.

புதுத் துரை வெள்ளைக்காரர் இல்லை. கொழும்பில் படித்த சிங்களப் பையன், முப்பது வயதுகூட இருக்காது. தோட்டத்துக் கார் என்று ஒரு சின்ன மூடிய காரில்தான் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவருக்கு எதுக்கு? அதான் கார் இருக்கே."

"அதனாலதாங்க சொல்றேன். அந்தச் சின்னக் காரு பூனை மாதிரி வருது. திரும்பிப் பாத்தா பக்கத்துல நிக்கிறாரு. போன வாரம் ரெண்டு பொம்பளைங்களுக்கு அரைப்பேர் வெட்டிட்டாரு."

"புள்ளைக்குப் பால் குடுக்கப் போனதுக்கா?"

"போனதுக்கு இல்லீங்க. நேரமாயிருச்சுன்னு. புள்ள குடிக்கிற வேகத்துலதானே குடிக்கும். அதுக்கிட்ட வெரசாக் குடின்னு யாரு சொல்றது?"

பால் குடிக்கிற பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் தாய்மார் மலைக்குப் போவார்கள். காலை வெயில் ஏறுகிற நேரத்தில் வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்கு இவ்வளவு நேரம் என்று துரை வைத்திருப்பார். தாண்டினால் அரை நாள் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போகும். பெண்கள் எல்லோரும் கொஞ்சம் தாண்டத்தான் செய்வார்கள். பிள்ளை மாரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடும்போது யாருக்குப் பிடுங்க மனம் வரும்? பழைய துரை காலத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. அதைச் சொன்னபோதுதான் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"மொட்டைக் காரு நல்ல காருங்க. வர்றதுக்கு முன்னாடி சொல்லிட்டு வரும். உர ஸ்டோர் முடக்குல, அந்த வளைவுல, சத்தம் கேட்டா, புள்ளைய எடுத்து ஆயாம்மாகிட்டக் குடுத்துட்டு, கூடைய மாட்டிக்கிட்டு, மேட்டுக் கரையில எறங்கி, ரோட்டத் தாண்டி, தேயிலைக்குள்ள பூந்துரலாம். காரு வந்து சேர்றப்போ கை கொழுந்துல இருக்கும். எல்லாத்துக்கும் நேரம் இருக்கும். எந்தப் பொம்பளைக்கும் அந்தக் காரால ஒரு அரைப்பேர் போனதில்ல."

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். எத்தனை வருடம் அந்தக் காரைப் பற்றி எத்தனை பேரிடம் அளந்திருக்கிறேன். அழகு என்றேன், வேகம் என்றேன், சீமைத் தோல் என்றேன். அதை உண்மையாகவே தேவை என்று கேட்ட ஒரே ஆள் என் மனைவிதான். அவளால் வாங்கத்தான் முடியாது.

துரையைப் பிடிப்பது நான் நினைத்த அளவு கஷ்டமாக இல்லை. தோட்டத்துக் காருக்கு டயர் மாற்ற அவரே கடைக்கு வந்தார். டயரைப் பார்க்கவில்லை. நேராக மொட்டைக் காருக்குப் பக்கத்தில் போய், கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பது மாதிரி நின்றார். பிறகு சுற்றி வந்தார். பிறகு மறுபடி சுற்றி வந்தார். இது பழைய கார், இதற்கு இனி உதிரிப் பாகமே கிடைக்காது, இதை வாங்குகிறவன் முட்டாள்தான் என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சத்தம் வந்ததும் அவர் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. புதன்கிழமை மத்தியானம் பங்களாவுக்குக் கொண்டுவா, தோட்டத்து ரோட்டில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

மனைவிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். புதன்கிழமை மத்தியானம் சத்தம் கேட்டால் நான்தான், பயப்படாதே என்று. மத்தியானம் என்றால் பால் கொடுக்கிற நேரமும் இல்லை, எந்தத் தொல்லையும் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

புதன்கிழமை காலையில் டெலிபோன் வந்தது. துரைக்கு மத்தியானம் நுவரெலியாவில் வேலையாம். இப்போதே கொண்டுவரச் சொன்னார்.

மணியைப் பார்த்தேன். புறப்பட்டுப் போய்ச் சேர்ந்தால் சரியாகப் பால் நேரம். வரமுடியாது என்று சொல்லலாமா? சொன்னால் இன்னொரு தடவை கேட்பாரா? முதலாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சாவியை எடுத்தேன். 

டிக்கோயா போகிற ரோட்டில் அன்றைக்கு மூடுபனி இறங்கிப் படுத்திருந்தது. தூறலும் இருந்தது. எனக்குத் தெரிந்த சாமி பேர் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். எதிரில் லொறி வந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருக்கும். தோட்டத்து எல்லைக்குள் நுழைந்ததும் சத்தம் வராமல் இருக்கட்டும் என்று காலை மெல்ல மெல்ல வைத்து, கார் நின்றுவிடுமோ என்ற அளவுக்கு ஊர்ந்து பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அதுவரை யாருக்கும் கேட்டிருக்காது.

துரை தொப்பியை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். கூரையை இழுத்து மூடட்டுமா என்று கேட்டேன். மூடினால் இந்தக் காருக்கு என்ன அர்த்தம் என்றார். என்னைப் பக்கத்துச் சீட்டுக்குத் தள்ளிவிட்டு அவர் உட்கார்ந்தார். காலை அழுத்தினார். பங்களாக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

இரண்டு ரோடு உண்டு. கீழ் ரோடு ஆபீசுக்குப் போவது, நல்ல ரோடு. மேல் ரோடு உர ஸ்டோரைச் சுற்றிப் பிள்ளைக்காம்பராவுக்குக் கீழே போவது. அவர் மேல் ரோட்டுக்குத் திருப்பினார்.

"சேர், கீழ் ரோடு நல்லாயிருக்கும் சேர்," என்றேன் இங்கிலீஷில்.

நல்ல ரோட்டில் எந்தக் காரும் ஓடும் என்றார்.

பழைய துரை வயதானவர். முட்டிவலிக்காரர். அந்தச் சத்தமான காரை மாட்டு வண்டி மாதிரி ஓட்டுவார். பெண்கள் வைத்திருந்த நேரக் கணக்கு அவருடைய கணக்கு. உர ஸ்டோர் முடக்கிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு அவர் வந்து சேர்வதற்குள் ஒரு குழந்தையைத் தூங்கவே வைத்துவிடலாம். இவர் முப்பது வயதுப் பையன். எனக்கு இது உறைத்தபோது உர ஸ்டோர் முடக்குக்கே வந்துவிட்டோம். அவர் காலை எடுத்தார். கார் படபடவென்று வெடித்து மலை முழுக்க எதிரொலித்தது. அவர் சிரித்தார். சந்தோஷம் தாங்காமல் மறுபடி அழுத்தினார்.

அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். அவள் எழுந்திருக்க மாட்டாள்.

மேலே பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரை தெரிந்தது. கரையில் பெண்கள் சரிந்து இறங்கினார்கள். ஒருத்தி தாண்டினாள். இன்னொருத்தி தாண்டினாள். இருவரும் தேயிலைக்குள் மறைந்தார்கள். மெதுவாப் போங்க சேர் என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மூன்றாவதாக ஒருத்தி கரையிலிருந்து ரோட்டில் குதித்தாள். தலைத்துணியைப் பார்த்தே தெரிந்துவிட்டது. நான் வாங்கிக் கொடுத்த துணி.

துரை பிரேக்கை மிதித்தார். ஈரச் சல்லியில் சக்கரம் இழுத்துக்கொண்டு போயிற்று. பானட்டுக்கு முன்னால் அவள் கை மட்டும் ஒரு தடவை மேலே வந்தது. பிறகு அதுவும் இல்லை.

கார் நின்றது. எனக்கு எதிரில் அந்தப் பானட்தான் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நீளத்தைத்தான் எல்லோரும் அழகு அழகு என்று தடவுவார்கள். அதற்கு அந்தப் பக்கம் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் இல்லை. அழுகை இல்லை. கதவைத் திறக்கப் பார்த்தேன், விரல் வேலை செய்யவில்லை. அவ்வளவு பயம் அதற்கு முன்னும் நான் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. எப்படியோ கதவுக்கு மேலாகவே புரண்டு விழுந்து ஓடினேன்.

கூடையின் மேல் சக்கரம் ஏறி அதை நசுக்கியிருந்தது. கூடைக் கயிறு அவள் தலையிலேயே மாட்டியிருந்ததால், அவளைச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரி கிடந்தாள். கண் திறந்திருந்தது. கண் அசைந்தது. கயிற்றைக் கழற்றினேன். எழுந்து உட்கார்ந்தாள். இடது மணிக்கட்டு கோணியிருந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் நின்ற துரையைத்தான் பார்த்தாள்.

"தெரியாமப் போச்சுங்க தொரை," என்றாள். "இப்பதாங்க புள்ளகிட்ட வந்தேன். மன்னிச்சுக்கங்க தொரை."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. சாகப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறாள். அதுவரை துரையோடு இங்கிலீஷ் பேசியவன், அப்போது தமிழில்தான் சொன்னேன்.

"இவ என் சம்சாரமுங்க."

துரையின் முகத்தில் ரத்தமே இல்லை.  என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில், "ஏத்து, ஆஸ்பத்திரி போறது," என்றார்.

இரண்டே சீட்டு. அவர் ஓட்ட வேண்டும், அவள் உட்கார வேண்டும், எனக்கு இடம் இல்லை. அவளோ சீட்டில் உட்கார மாட்டேன் என்கிறாள். கீழே, கால் வைக்கிற இடத்தில் குந்திக்கொள்கிறேன் என்கிறாள். நான் அதட்டி, தூக்கிச் சீட்டில் வைத்தேன். கார் அவளோடு உறுமிக்கொண்டு போய்விட்டது.

அந்தப் பயணத்தைப் பற்றி அவள் பிறகு சொன்னாள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இறங்குகிற வழி முழுக்கத் தோட்டத்து ஆட்கள் இருந்தார்கள். மொட்டைக் காரின் சத்தம் கேட்டதும் எல்லோரும் பழைய வழக்கப்படி ரோட்டோரக் காணுக்குள் இறங்கி நின்றார்கள். ஆண்கள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்கள். அவளோடு நிரையில் நின்று கொழுந்து எடுக்கிற பெண்கள், அவளுடைய சொந்தச் சித்தப்பா, எல்லோரும் சலாம் வைத்தார்கள். கை வலியைவிட அதுதான் தாங்க முடியவில்லையாம். சீட்டிலிருந்து வழுக்கி வழுக்கி இறங்கி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அவள் கீழேதான் குந்தியிருந்தாளாம்.

நான் குறுக்குப் பாதையில் ஓடினேன். பிள்ளைக்காம்பராவில் என் மகன் கத்துகிற கத்தல் பின்னாலேயே கேட்டது. பால் பாதியில் நின்ற பிள்ளை. ஆயாம்மா பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டு ஓடினேன். தேயிலைக் குச்சி காலைக் கிழித்தது. என்னென்ன நினைத்தேன் என்று கேட்காதீர்கள். கையோடு போகுமா, உள்ளே வேறு ஏதும் அடிபட்டிருக்குமா என்று நினைத்தேன். கார் போயிற்று, வேலை போயிற்று, அறை போயிற்று என்றும் நினைத்தேன். லயத்தை விட்டே விரட்டுவாரோ என்று நினைத்தேன். எல்லாப் பயமும் ஒரே நேரத்தில் வந்தால் எதற்கு முதலில் பயப்படுவது என்றுகூடத் தெரியாது.

ஆஸ்பத்திரி முற்றத்தில் கார் நின்றது. அதைச் சுற்றி ஒரு கூட்டம். கம்பவுண்டர், நோயாளிகள், கட்டுப் போட்ட கால்காரன் ஒருவன்கூட நொண்டிக்கொண்டு வந்து பார்த்துக்கொண்டிருந்தான். துரை பானட்டில் சாய்ந்து சிகரெட் குடித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு எலும்புதான், வேறு ஒன்றும் இல்லை என்றார். பிறகு சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார்.

பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்றார். நான் எடுத்துக்கொள்கிறேன், முதலாளியிடம் சொல்லு என்றார்.

தேங்க்யூ சேர் என்றேன். மறைப்பானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது. அந்த மனுசனின் கழுத்தைப் பிடிக்கவும் தோன்றியது. அவர் கெட்ட மனுசன் இல்லை. அந்தக் காரைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் அவ்வளவாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே அவள் கையில் மாவுக்கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கிட்டாரா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"வாங்கிட்டாரு."

"அப்பாடி," என்று சுவரில் சாய்ந்தாள்.

"நான்தான் வர்றேன்னு உனக்குச் சொல்லி அனுப்பினேனா இல்லியா?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பயம் போனதும் எனக்குக் கோபம்தான் வரும்.

"சொன்னீங்க. சத்தம் கேட்டவுடனே நீங்கன்னுதான் நெனைச்சேன். நெனைச்சுக்கிட்டேதான் ஓடினேன். காலு நிக்கலைங்க." அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "புள்ளை அழுகுறானா?"

அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. நேரத்தில் மலையில் இல்லை என்று கங்காணி எழுதிவிட்டான். துரை அதை மாற்றவும் இல்லை, மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவும் இல்லை.

முதலாளி வாக்குத் தவறவில்லை. அவள் கை கூடுவதற்குள்ளேயே செக்ரோலிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியும் பிள்ளையுமாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். பேரை வெட்டியதும் எனக்கு மறுபடி நடுக்கம். இனித் திரும்பிப் போக லயமும் இல்லை. அவளுக்கு அந்த யோசனையே இல்லை. கடைக்குப் பின்னால் சின்ன அறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வண்டி கழுவுகிற முற்றம். அவளுக்கு அது பங்களா. பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அவனாகத் தூங்கி விழுகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். தூங்கிய பிறகும் சும்மா வைத்துக்கொண்டிருப்பாள். சோறு குழைந்துபோகும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வாழ்க்கையில் பயமில்லாமல் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரே காட்சி அதுதான்.

மாவுக்கட்டு வெட்டிய பிறகு ஒரு மத்தியானம். நான் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் சுவரில் சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். டிக்கோயா ரோட்டுப் பக்கம் மொட்டைக் காரின் சத்தம் கேட்டது. துரை அதைக் கழுவி எண்ணெய் மாற்றக் கொண்டுவருகிறார்.

எனக்குப் பிசைந்த கை நின்றுவிட்டது. அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் நன்றாகச் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"நான் ஓடலை, பாத்தீங்களா," என்று சிரித்தாள்.

பிறகு குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. பிள்ளை தானாகவே வாயை எடுத்துவிட்டிருந்தான். தூங்கவில்லை. அழவும் இல்லை. உதட்டில் பால் வழிய, கண்ணை அகல விழித்துக்கொண்டு, கையையும் காலையும் ஒடுக்கி, தன்னை எடுத்து ஆயாம்மாவிடம் கொடுப்பதற்காகக் காத்திருந்தான்.

"குடி சாமி," என்று அவள் மாரை அவன் வாயில் வைத்தாள். "நாம எங்கயும் போகலடா. குடி."

கார் முற்றத்துக்குள் வந்து, சத்தம் அடங்கி, துரை இறங்கி முதலாளியோடு பேச ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகும் அவன் வாயைத் திறக்கவில்லை.